செக் எஞ்சின் விளக்கு எரிந்தால்: ஸ்கேனரில் கோடு படிப்பது எப்படி?

டேஷ்போர்டில் மஞ்சளாக எஞ்சின் படம் எரிந்ததும் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். கண்டும் காணாததுபோல் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், இல்லையென்றால் ஸ்கேனர் கருவியில் வந்த கோடை, அதாவது கோளாறைக் குறிக்கும் 'code' எண்ணைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு பாகத்தை வாங்கி மாட்டிவிடுவார்கள். இரண்டாவது தப்பை நானும் செய்திருக்கிறேன். பி0171 என்று வந்தது. காற்றோடு சேரும் எரிபொருள் போதவில்லை என்று பொருள். புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சார்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதி அதை மாற்றினேன். மூன்றாம் நாளே விளக்கு திரும்ப வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கத்து ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல்! பாவம், பழைய சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விளக்கு நிலையாக எரிந்தால் பதறாமல் பார்க்கலாம். விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை உருக்கிவிடும் அளவுக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) ஆகிறது என்பதற்கான எச்சரிக்கை அது.

எந்தக் கருவி?

அமெரிக்காவில் 1996 மாடல் முதலும், ஐரோப்பாவில் புதிய பெட்ரோல் கார்களில் 2001 முதலும் ஓபிடி-2 கட்டாயம். வண்டியின் கம்ப்யூட்டர் தன் கோளாறுகளைத் தானே பதிவு செய்து ரீடருக்குச் சொல்லும் பொது முறை அது. திரையோடு வரும் சாதாரண ரீடரே ஆரம்பத்துக்குப் போதும். போனோடு இணைக்கும் இஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரும் சரிதான்; ஐபோன் வைத்திருப்பவர்கள் மட்டும் வாங்கும் முன் அது ஐபோனுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதை வாங்கினாலும் ஃப்ரீஸ் ஃப்ரேமும் (கோளாறு பதிவான நொடியின் அளவுகள்) லைவ் டேட்டாவும் (அந்தந்த நேரத்து சென்சார் அளவுகள்) காட்டுகிறதா என்று கேளுங்கள். அவை இல்லாத ரீடர் பாதிக் கதைதான் சொல்லும்.

இணைப்பது

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் உயரத்தில் தேடினால் 16 பின் கொண்ட சாக்கெட் கிடைக்கும். சில வண்டிகளில் சின்ன மூடி போட்டிருக்கும். இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு ரீடரைச் செருகுங்கள். ஒரு பக்கம் அகலமாக இருப்பதால் தலைகீழாக நுழையாது. பிறகு சாவியை 'ஆன்' வரை திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ரீடருக்கு உயிரே வரவில்லையா? அந்தச் சாக்கெட்டுக்கு மின்சாரம் தரும் ஃப்யூஸைப் பாருங்கள். சிகரெட் லைட்டரும் அதே ஃப்யூஸில் இருக்கும் வண்டிகள் உண்டு.

கோடைப் படிப்பது

முதல் எழுத்து 'பி' (P) என்றால் எஞ்சின் அல்லது கியர் பக்கம்; 'சி' (C) சேஸிஸ், இன்னொரு 'பி' (B) பாடி, 'யூ' (U) வண்டியின் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சுவார்த்தை. ஆரம்பத்தில் உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் எஞ்சின் கோடுகள்தான். அடுத்த எண் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கோடு. 1 என்றால் வண்டி தயாரித்தவரின் சொந்தக் கோடு, அதன் அர்த்தத்தை உங்கள் மாடலுக்கென்றே தேட வேண்டும். மூன்றாம் இடத்தில் 3 வந்தால் இக்னிஷன், மிஸ்ஃபயர் சங்கதி. பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நான்காவது.

கோடைக் குறித்துக்கொண்டதும் 'அழி' பட்டனுக்குக் கை போகும். போக விடாதீர்கள். அதற்கு முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்து போட்டோ எடுங்கள். கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் சூடு, வேகம், ஆர்பிஎம், லோடு எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.

காரணத்தைத் தேடுவது

பி0301 வந்திருக்கிறது, ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் தனித்தனி காயில் உள்ள எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஆறிய பிறகு முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டுங்கள், இரண்டாவதை முதலில். கோடை அழித்துவிட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் குற்றவாளி அந்தக் காயில். பி0301 அப்படியே நின்றால் காயில் மேல் தப்பில்லை. பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். அதிலும் நகரவில்லை என்றால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் அல்லது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம், அதாவது கம்ப்ரஷன். கம்ப்ரஷன் பார்க்கத் தனிக் கருவி வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். இதுவரை ஒரு பைசா செலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நான் ஏமாந்த பி0171க்கு லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டி, குறைத்துச் சமாளிக்கிறது என்பதுதான் அது. பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை இல்லை. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் 20ஐத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் போங்கள்.

கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்ததும் அதையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. விலை கூடிய பாகம் அது. கூடவே மிஸ்ஃபயர் கோடு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், புகைக்குழாயில் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏர்பேக், ஏபிஎஸ் கோடுகளில் மட்டும் நான் கை வைப்பதில்லை.

வேலை முடிந்ததும் கோடை அழியுங்கள். ஆனால் அப்போது கம்ப்யூட்டரின் சுயபரிசோதனை முடிவுகளும் அழிந்துவிடும். அவை மறுபடி 'ரெடி' ஆகச் சில நாள் ஓட்டம் பிடிக்கும். அதனால் புகைப் பரிசோதனைக்கு முந்தின நாள் அழிக்காதீர்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு ரீடரை மீண்டும் செருகி, 'பென்டிங்' பட்டியலைத் திறந்து பாருங்கள். விளக்கு எரியும் முன்பே கோளாறு அங்கே தலைகாட்டியிருக்கும்.