மீன் கடைச் சந்துப் பூனைகள்: என் அனுபவம்

கிருஷ்ணகிரியில் எங்கள் தெருமுனையில் மீன் கடைகள். கழிவுக் கூடையைச் சுற்றிப் பூனைக் கூட்டம், இரவெல்லாம் சண்டை, மாடிப்படியில் மூத்திர நாற்றம். "சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவிடலாம் தம்பி" என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். தீனி கிடக்கும்வரை காலியான இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்துவிடும் என்பதால் நான் ஒப்பவில்லை.

வார்டு உறுப்பினர் மூலம் நகராட்சியில் மனு கொடுத்தோம். கழிவைக் கடை மூடும்போதே அள்ளச் செய்தார்கள். கருத்தடைக்குக் கால்நடை மருத்துவர் சம்மதித்தார். பிடிப்பது எங்கள் வேலை.

கூண்டு வைப்பதற்கு முந்தைய நாள் யாரும் தீனி போடக்கூடாது. இதற்குத் தெருவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. பாட்டிகள் ஒளித்துப் போடுவார்கள்! நெத்திலிக் கருவாட்டைக் கூண்டு வாசலில் துணுக்காகவும், உள்ளே, மிதித்தால் கதவு விழும் மிதிபலகைக்கு அப்பால் கொத்தாகவும் வைத்தோம். கதவு விழுந்ததும் பூனை கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். உடனே பழைய போர்வையால் மூடினால் அடங்கிவிடும்.

பெட்டைகளுக்கு முன்னுரிமை கொடுத்தோம். நான்கைந்து மாதத்திலேயே சினையாகும். சுமார் 63 நாளில் குட்டி போடும். மடியில் பால் தெரிந்தால், குட்டிகளைத் தேடாமல் தாயைக் கொண்டுபோகக்கூடாது. கடுவனுக்கு அறுவை முடிந்தாலும் சில வாரங்கள் வீரியம் இருக்கும். மயக்கத்திலேயே அடையாளமாக இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடுவதால், தெருவில் திரும்ப விட்ட அதே பூனையை மறுபடி பிடிப்பதில்லை.

சண்டைச் சத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒரு சாம்பல் பெட்டை மட்டும் கூண்டைக் கண்டாலே ஓடுகிறது. அதற்குக் கயிறு இழுத்தால் மேலிருந்து கவிழும் பெட்டியைத் தச்சரிடம் சொல்லியிருக்கிறோம்.