நாவலில் வரும் புதுச்சொல்லை விளையாட்டாக்குங்கள்

நாவல் படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் தேடி எழாதீர்கள். கதையின் ஓட்டம் அறுந்துவிடும். புத்தகத்துக்குள் ஒரு துண்டுச்சீட்டை வைத்து, சொல்லையும் பக்க எண்ணையும் மட்டும் குறியுங்கள். அத்தியாயம் முடிந்ததும் அந்த வரியை மறுபடி படித்துப் பொருளை ஊகித்துவிட்டு, பிறகு அகராதியைப் பாருங்கள். ஊகித்துப் பார்த்த சொல் மனதில் நன்றாக ஒட்டிக்கொள்கிறது, ஊகம் தவறானாலும்கூட. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி (1924–1936, 6 தொகுதிகள்) இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தச் சீட்டுதான் வீட்டு விளையாட்டுக்கு மூலதனம். நான்கு பேராவது சேர்ந்தால் நல்லது. ஒருவர் ‘ஞாளி’ என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப்பொருளை நம்பும்படி எழுதித் தர வேண்டும். சொன்னவர் சரியான பொருளையும் (நாய்) அவற்றோடு கலந்து வாசிப்பார். சரியானதைக் கண்டுபிடித்தால் 2 புள்ளி. உங்கள் பொய்யை ஒருவர் நம்பினால் 1 புள்ளி. ‘கவிகை’ போட்டுப் பாருங்கள். கவிதையோடு தொடர்புபடுத்தியே பலரும் எழுதுவார்கள், பொருள் குடை!

ஒரு சுற்றுக்கு ஐந்து சொல் போதும். சிறு பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரோடு ஜோடி சேர்த்துவிடுங்கள். பொய்ப்பொருள் புனைவதில் அவர்கள்தான் கெட்டிக்காரர்கள். அடுத்த வாரம் புதுச்சொற்களோடு பழைய சொல் இரண்டையும் பொருள் கேட்டுப் பாருங்கள்.