சைரன் சும்மா கத்துதா, சாவி போட்டும் வண்டி பிடிக்கலையா?

ராத்திரி ரெண்டு மணிக்கு அலாரம் கத்துதுன்னு வர்றவரும் "செக்யூரிட்டி போயிடுச்சு"ம்பாரு. ரிமோட் அமுக்கினா கதவு திறக்கலைன்னு வர்றவரும், செல்ஃப் அடிக்குது ஆனா ஸ்டார்ட் ஆகலைன்னு டோ பண்ணிட்டு வர்றவரும் அதையேதான் சொல்வாங்க. மூணும் வேற வேற சமாச்சாரம். சைரன் கத்துறது அலாரம். கதவு திறக்கிறது சென்ட்ரல் லாக். எஞ்சினை ஓட விடாம நிறுத்துறது இம்மொபிலைசர். கோயமுத்தூர்ல கார் ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். இந்த மூணையும் குழப்பிக்கிட்டு, நல்லா இருந்த கன்ட்ரோல் பாக்ஸை மாத்தியும் சரியாகாம வர்ற வண்டிங்க நிறைய. பாக்ஸ் கெடுறது அபூர்வம்ங்க. அதுக்குத் தகவல் கொடுக்கிற சுவிட்ச், ஒயர், சாவி, பேட்டரி, இதுங்கதான் பெரும்பாலும் வம்பு பண்ணும்.

எந்தக் கம்ப்ளைண்டா இருந்தாலும் முதல்ல பேட்டரியைப் பாருங்க. ராத்திரி நிறுத்தின வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் வைங்க. 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12.2 காட்டினா பாதிதான் இருக்கு. 12-க்குக் கீழே போயிட்டா மத்த எதையும் சோதிக்கிறதுல அர்த்தமில்லை, சார்ஜ் போட்டுட்டு வாங்க. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தாலும் பேட்டரி வீக்தான். டெர்மினல்ல பூத்திருந்தா சுத்தம் பண்ணி முறுக்குங்க. கழட்டுறப்போ நெகட்டிவை முதல்ல கழட்டணும். சில சைரனுக்குள்ள தனியா ஒரு சின்ன பேட்டரி இருக்கும். மெயின் கரண்ட் போன உடனே காது கிழியக் கத்தும். பதறாதீங்க. அந்த மாதிரி சைரன்லயே ஒரு குட்டிச் சாவித் துவாரம் இருக்கும், அதுல ஆஃப் பண்ணிக்கலாம்.

இப்ப ராத்திரி கத்துற கேஸுக்கு வருவோம். வெளியே வாங்கி மாட்டின அலாரமா இருந்தா, ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி சைஸ்ல ஷாக் சென்சார் ஒட்டியிருப்பாங்க, அதுல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதைக் கொஞ்சம் குறைச்சு வெச்சு, லாக் பண்ணி, கதவு பில்லர்ல உள்ளங்கையால தட்டிப் பாருங்க. லேசாத் தட்டினா சும்மா இருக்கணும், ஓங்கித் தட்டினா கத்தணும். லாரி போனாலே கத்துற வண்டிக்கு இதுவே போதும்.

மழை பேஞ்சா மட்டும் கத்துதுன்னா கதை வேற. ஐப்பசி பிறந்தா இந்தக் கேஸ் வரிசையா வரும். சிங்காநல்லூர்ல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. "ஏனுங்க தம்பி, பிளாட்ல ஒருத்தரும் எங்கூடப் பேசறதில்லீங்க, இந்த எழவைக் கழட்டிப் போட்டுருங்க"ன்னாரு. பானட்டைத் தூக்கிப் பார்த்தா, ஃபெண்டர் ஓரத்துல பின் சுவிட்ச். அது தலையில இருக்கிற ரப்பர் தொப்பி கிழிஞ்சு, உள்ளே தண்ணி நின்னு, ஸ்பிரிங் முழுக்க செம்மண் நிறத்துல துரு. பானட் மூடியிருந்தாலும் அந்த ஈரத் துரு வழியா ஒயர் பாடியில எர்த் ஆகுது. பாக்ஸ் பானட் திறந்திருக்குன்னு நினைச்சுக்குது. புது சுவிட்ச் விலை ஒண்ணும் பெருசில்லை.

நீங்களே இதைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலான அலாரத்துல இந்த சுவிட்ச் எர்த் ஆனாத்தான் சைரன் அடிக்கும். அதனால ஒயரைப் பிடுங்கி, நுனியில இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒரு ராத்திரி விடுங்க. கத்தலைன்னா ஆள் அகப்பட்டாச்சு. அப்பவும் கத்தினா அந்த ஒயரைக் கடைசி வரைக்கும் கையால தடவிப் பாருங்க. எலி கடிச்சு செம்பு தெரியுற இடம் பாடியில உரசினாலும் இதே கூத்துதான்.

அடுத்தது கதவு. உள்ளே உட்கார்ந்து எல்லாக் கதவையும் மூடி, ரூஃப் லைட்டை 'டோர்' பொசிஷன்ல வெச்சு, ஒவ்வொரு கதவா உள்ளேயிருந்து தோளால அழுத்தி ஆட்டுங்க. லைட் ஒரு தடவை மினுக்குனாலும் அந்தக் கதவு சுவிட்ச்தான். டிக்கியையும் விட்டுறாதீங்க. புது வண்டிகள்ல சுவிட்ச் பூட்டுக்குள்ளேயே இருக்கும், அதுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பாருங்க.

செல்ஃப் நல்லா அடிக்குது, எஞ்சின் பிடிக்கலை, இல்லைன்னா பிடிச்சு ரெண்டு செகண்டுல அணைஞ்சுடுது. கூடவே டேஷ்போர்டுல சாவியோ பூட்டோ படம் போட்ட லைட் மினுக்குது. இது இம்மொபிலைசர். சாவித் தலைக்குள்ள ஒரு சிப் இருக்கும். சாவி போடுற பேரலைச் சுத்தி இருக்கிற காயில்தான் அதுக்குக் கரண்ட் கொடுத்து நம்பரைப் படிக்கும். அதனால ரிமோட் பேட்டரி செத்தாலும் சாவி போட்டா வண்டி ஸ்டார்ட் ஆகும். ரிமோட் செல் மாத்தி இந்தக் கம்ப்ளைண்டைத் தீர்க்க முடியாது.

முதல்ல ரெண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்க. அதுல ஓடினா வண்டி மேல குத்தமில்லை. அடுத்து, சாவிக்கொத்துல வேற காரோட சிப் சாவி இருந்தா கழட்டுங்க. ரெண்டு சிப் பக்கத்துல பக்கத்துல இருந்தா காயில் தடுமாறும்.

பழைய சாவிக் கூடு உடைஞ்சுபோய் மடக்குற மாதிரி ஃப்ளிப் கீ மாத்தினீங்களா? அந்தப் பழைய கூட்டைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? சில சாவியில சிப் போர்டுலயே இருக்கும். சிலதுல அரிசி மாதிரி ஒரு கண்ணாடிக் குழாயாவோ, கரித்துண்டு மாதிரி ஒரு சின்னக் கட்டையாவோ, கூட்டுக்குள்ள தனிப் பள்ளத்துல உட்கார்ந்திருக்கும். கூடு மாத்துறவர் போர்டை மட்டும் எடுத்துப் போட்டுட்டு அதை மறந்துடுவாரு. ரிமோட்ல கதவெல்லாம் ஜோரா திறக்கும், வண்டி மட்டும் ஓடாது. பழைய கூடு கிடைச்சா அதைப் பக்கத்துல பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, வேலை முடிஞ்சுது. ரெண்டு சாவியும் வேலை செய்யலைன்னா ஃபியூஸ் பாருங்க, அப்புறம் ஸ்டியரிங் கவருக்குள்ள காயில் கனெக்டர் கழண்டிருக்கான்னு பாருங்க. அதுக்கு மேல ஸ்கேனர் வேலை. ஒயரை அறுத்து நேரடியாக் கொடுக்கிறேன்னு யாராவது சொன்னா விடாதீங்க. கம்பெனி இம்மொபிலைசர்ல சாவி நம்பரைக் கேக்கிறது எஞ்சின் கம்ப்யூட்டர். ஒயரை அறுத்து அதை ஏமாத்த முடியாது, வண்டிதான் பாழாகும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில சாவி தெரியலைன்னு காட்டினா, சாவியை ஸ்டார்ட் பட்டன்லயே ஒட்டி வெச்சு அமுக்குங்க. பெரும்பாலான மாடல்ல செல் இல்லாமலே ஓடும். சிலதுல சாவி வைக்கிற இடம் வேற, மேனுவல்ல போட்டிருக்கும். செல்லு பெரும்பாலும் சிஆர் 2032. கழட்டுறப்போ அதுல எழுதியிருக்கிற நம்பரைப் பார்த்தே வாங்குங்க.

ரெண்டு மூணு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்குதா? நெகட்டிவ் டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவுல மீட்டரை 10 ஆம்பியர்ல மாட்டி, பூட்டி, அரை மணி நேரம் விட்டுப் பாருங்க. அந்த நேரம் செல்ஃப் மட்டும் அடிச்சுறாதீங்க, மீட்டர் போயிடும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 300 இழுத்தா, 35 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி அஞ்சு நாள் தாங்காது. ஃபியூஸை ஒவ்வொண்ணா உருவுங்க, எதுல ரீடிங் விழுதோ அந்த லைன். வெளி அலாரத்தோட ஒயரை முறுக்கி டேப் மட்டும் சுத்தி மாட்டியிருந்தா முதல் சந்தேகம் அதுமேல வைங்க. ஜாயின்ட்டைப் பிரிச்சு ஈயம் வெச்சு, ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழாய்) போட்டு மூடணும்.

இதெல்லாம் பார்த்தும் முடியாம கடைக்கு வர்றதா இருந்தா ரெண்டு சாவியையும் எடுத்துட்டு வாங்க. ஆர்சி புக்கும் கூட இருக்கட்டும். சாவி கோடிங் பண்ணணும்னா அதைப் பார்க்காம நான் கை வைக்கிறதில்லை.