ராமேஸ்வரம் லாட்ஜில் வழுக்கி விழுந்தால்: நஷ்டஈடு கேட்பது எப்படி?

அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரத்துணியோடு திரும்புகிறவர்களால் லாட்ஜ் வாசல் விடிந்ததிலிருந்து நனைந்தே கிடக்கும். வழவழப்பான கிரானைட்டில் தண்ணீரோடு கடல் மணலும் சேர்ந்தால் கால் நிற்காது. தினமும் நடப்பதால் இது லாட்ஜ்காரருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வழக்கின் உயிரே அதுதான். விழுந்தேன், அடிபட்டது என்பது மட்டும் போதாது. தெரிந்தும் துடைக்கவில்லை, கால்மிதி போடவில்லை, எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்ததும், கூட வந்த ஒருவர் மாப் வருவதற்குள் போனில் படம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் நிற்கும் இடம் கிட்டத்தில் ஒன்று, வாசலும் அந்த இடமும் சேர்ந்து தெரிய ஒன்று, விழுந்தவரின் செருப்பின் அடிப்பாகம் ஒன்று. குளியலறை என்றால் தரைப்பாசியையும் எடுங்கள். சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அதைப் பத்திரப்படுத்தச் சொல்லி அன்றைக்கே மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். மறுத்தால் அதே கடிதத்தை லாட்ஜின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஆஸ்பத்திரியில். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ‘கீழே விழுந்தார்’ என்று மட்டும் இருந்தால், “எங்கள் இடத்தில் விழவே இல்லை” என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். லாட்ஜ் பெயர், விழுந்த இடம், நேரம் மூன்றையும் சொல்லி எழுதவைத்து, அந்த ரிஜிஸ்டரின் நகலை (ஏ.ஆர். காப்பி) வாங்குங்கள். புத்தூர் கட்டுதான் போடப்போகிறீர்கள் என்றாலும் முதலில் எக்ஸ்ரே ரிப்போர்ட் கையில் இருக்கட்டும்.

ரூம் பில் முக்கியம். பில் ஒருவர் பெயரில் இருந்தாலும், கூடத் தங்கிய குடும்பத்தாரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்ட்டில் லாட்ஜுக்கு நோட்டீஸ். பதில் சரியில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார். இதற்காக ராமநாதபுரம் வரை அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஆன்லைனிலும் முடியும், வக்கீல் கட்டாயமில்லை. புகார்க் கட்டணம் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, கொடுத்த வாடகையை வைத்துத்தான். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே கிடையாது. சந்தேகத்துக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

வைத்தியச் செலவோடு நின்றுவிடாதீர்கள். இழந்த சம்பளம், பார்த்துக்கொள்ள வந்தவரின் செலவு, வண்டி வாடகை, எலும்பில் வைத்த பிளேட்டைப் பின்னால் எடுக்கும் ஆபரேஷன், மன உளைச்சல் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஓடினீர்கள், வைத்த பலகையைத் தாண்டிப் போனீர்கள் என்று நிரூபணமானால் தொகை குறையும்.

‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற போர்டைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். தன் கவனக்குறைவை லாட்ஜ் அந்த ஒரு வரியால் மறைத்துவிட முடியாது. ஆனால் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று 2,000 ரூபாயை நீட்டி, ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் போடாதீர்கள்.