சோற்றுச் சாப்பாட்டில் லைசின் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அரிசி, கோதுமை, சிறுதானியம் எதை எடுத்தாலும் அதன் புரதத்தில் முதலில் பற்றாக்குறையாவது லைசின். புரதத்தைக் கட்டும் கற்களான அமினோ அமிலங்களில் ஒன்றான இதை உடல் தானாகத் தயாரிக்காது. உணவில் வந்தால்தான் உண்டு. தசை, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன், கொழுப்பை எரிக்க உதவும் கார்னிட்டின் எல்லாவற்றுக்கும் இது வேண்டும். லைசின் குறைந்தால், மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் புரதமாகச் சேராமல் எரிபொருளாகப் போய்விடும்.

பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அளவு. 60 கிலோ எடைக்கு 1,800 மி.கி. செரிமானத்தில் கொஞ்சம் கழியும் என்பதால் 2,200 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தராசை எடுங்கள். வேகவைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 250 மி.கி.தான். அதே எடை துவரம்பருப்பில் 1,400, உளுந்திலும் பாசிப்பருப்பிலும் 1,600க்கு மேல். பால் அல்லது தயிர் 100 கிராமில் 260, ஒரு முட்டையில் 450. சோயாவில்தான் அதிகம், 2,500ஐத் தொடும்.

காலையில் இட்லி: 100 கிராம் அரிசிக்கு 25 கிராம் உளுந்து சேர்ந்தால் 650 மி.கி. கிடைக்கும். உளுந்தைக் குறைத்து 6:1 என்று அரைத்தால் முதலில் அடிபடுவது இந்தக் கணக்குதான். மதியம் 120 கிராம் அரிசிச் சோறு, ஆளுக்கு 30 கிராம் பருப்பு வரும்படி சாம்பார், ஒரு கப் தயிர்: ஏறக்குறைய 1,100. நான்கு பேருக்கு 120 கிராம் பருப்பு போட வேண்டும். அரைப்பிடி பருப்பைக் கரைத்த நீர்ச் சாம்பார் பேருக்குத்தான் சாம்பார். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் இன்னொரு 400. இரவு தோசையோ சப்பாத்தியோ மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல் என்று ஓடும் நாளில்தான் கணக்கு இடிக்கும். சோற்றின் 300 தவிர மதியத்தில் வேறெதுவும் பெரிதாக வராது. அன்றைக்கு ஒரு முட்டையோ பருப்புத் துவையலோ சேருங்கள். தானியமும் பருப்பும் ஒரே தட்டில் இருக்க வேண்டியதில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

சிறுதானியத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்பது தப்புக்கணக்கு. தினைப் புரதத்தில் லைசின் அரிசிப் புரதத்தைவிடவும் குறைவு.

சமையலிலும் ஓரிடத்தில் லைசின் போகிறது. பாலைச் சிவக்கக் காய்ச்சும்போது வரும் பழுப்பு நிறம், லைசின் பாலின் சர்க்கரையோடு வினைபுரிந்ததன் அடையாளம். அப்படிப் பிணைந்தது உடலுக்குப் பயன்படாது. பிஸ்கட்டிலும் இதே கதைதான். குக்கரில் வேகவைப்பதால் பெரிய இழப்பில்லை. சொல்லப்போனால் பருப்பு நன்றாக வெந்தால்தான் அதன் புரதம் ஒழுங்காகச் செரிக்கும்.

சிறுநீரக நோய் உள்ளவர்கள் இந்த அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.