நாயோடு முதல் விமானப் பயணம்: யாழ்ப்பாணத்தில் இருந்து தயாராவது எப்படி

பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். அம்மா அப்பாவும் அங்கேயே போகப்போகிறார்கள். அப்போ வீட்டு நாய்? கூட்டிக்கொண்டே போகலாம். ஆனால் ரிக்கற் போடுவது கடைசி வேலை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

படி 1: போகும் நாட்டின் விதியைப் பாருங்கள்

கனடாவுக்குச் சொந்த நாயைக் கொண்டுபோக, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிய விசர்நாய் தடுப்பூசிச் சான்றிதழ்தான் முக்கியம். இரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. ஆனால் அங்கே யாருக்காவது வளர்க்கக் கொடுப்பதற்காக அனுப்புவது வேறு கதை. இலங்கை உட்பட விசர்நாய் நோய் அதிகமுள்ள நாடுகளில் இருந்து அப்படி வரும் நாய்களை 2022 செப்டெம்பர் 28 முதல் கனடா அனுமதிப்பதில்லை. பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இரத்தப் பரிசோதனை கேட்கும். அதற்குத்தான் அடுத்த படி.

படி 2: சிப் முதலில், ஊசி பிறகு

பலர் சறுக்கும் இடம் இது. கால்நடை வைத்தியரிடம், தோலுக்கடியில் வைக்கும் 15 இலக்க அடையாள மைக்ரோசிப்பை முதலில் போடுங்கள். சிப்புக்கு முன் போட்ட தடுப்பூசி கணக்கில் வராது, திரும்பவும் போட வேண்டும். ஊசி போடும்போது நாய்க்குக் குறைந்தது 12 வாரம் ஆகியிருக்கவும் வேண்டும்.

ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்தம் எடுத்து, அந்த நாடு ஏற்றுக்கொண்ட ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலீற்றருக்கு 0.5 அலகாவது இருக்க வேண்டும். அப்புறம், இரத்தம் எடுத்த நாளில் இருந்து மூன்று மாதம் காத்திருப்பு. கூட்டிப் பார்த்தால் நாலு மாதம் போய்விடும். ஆறு மாதம் என்று வைத்துத் தொடங்குங்கள், நிம்மதி.

படி 3: கூடு

உள்ளே நாய் தலை இடிக்காமல் நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க முடிய வேண்டும். மூக்கில் இருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்து, முன்னங்கால் முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் நீளம். தோள் அகலத்தின் இரண்டு மடங்கு அகலம். கூட்டை இப்போதே விறாந்தையில் வைத்து, பழைய சாரம் ஒன்றை விரித்து, சோற்றையும் அதற்குள்ளேயே வையுங்கள். தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

படி 4: விமானமும் கடதாசியும்

பலாலியில் இருந்து சென்னைக்குப் பறக்கும் இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஆகவே கட்டுநாயக்க விமான நிலையம்தான். பிரித்தானியாவுக்கு விமானத்தில் நாய் சரக்காக மட்டுமே போகலாம். மடியில் வைக்கும் கனவு வேண்டாம். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களைச் சில விமானங்கள் ஏற்காது, முன்பே கேளுங்கள்.

ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழைக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் எடுக்கலாம். பிரித்தானியா என்றால், போய்ச் சேருவதற்கு 24 முதல் 120 மணித்தியாலத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்துப் பதிய வேண்டும்.

படி 5: பயண நாள்

வெயில் நேரத்தில் வாகனத்தில் ஏற்ற வேண்டாம். இரவோடு இரவாகப் புத்தளம், நீர்கொழும்பு வழியே போங்கள். பறப்புக்குச் சில மணித்தியாலம் முன் கொஞ்சமாகச் சாப்பாடு, தண்ணீர் தாராளமாக. குரைக்குமே என்று மயக்க மருந்து கொடுக்க வேண்டாம்; மூச்சையும் உடல் சூட்டையும் அது குழப்பும், விமானமும் ஏற்றாது. கூட்டில் நாயின் பெயரோடு, இறங்கும் நாட்டில் இருப்பவரின் தொலைபேசி எண்ணை எழுதுங்கள். உங்கள் இலங்கை சிம் அப்போது நிறுத்தி வைத்திருக்கும்.