டிவி வாங்கப் போறீங்களா? முதல்ல சோபாவிலிருந்து டேப் பிடிங்க

போன தீபாவளிக்கு எங்க மச்சான் பெருந்துறை வீட்டுக்கு 65 இஞ்ச் டிவி எடுத்தார். "இதென்னுங்க, கடையில பாத்தா சிறுசாத்தான் தெரிஞ்சுது!" என்றார், மாட்டி முடித்த பிறகு. ஜன்னலின் ஒரு கதவு டிவிக்குப் பின்னால் போய்விட்டது.

கடையில் நின்று அளவை முடிவு செய்வதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. பக்கத்திலேயே 75, 85 என்று தொங்கும்போது 55 குட்டியாகத்தான் தெரியும். இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளக்கும் கணக்கு. 55 இஞ்ச் டிவி சுமார் 4 அடி அகலம், 2¼ அடி உயரம் வரும். பழைய பேப்பரை அந்த அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள்.

அடுத்தது, சுவருக்குச் சுவர் அளப்பது. 10க்கு 12 ஹால் என்றால் 10 அடி தூரம் இருக்கிறதென்று நினைப்போம். சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டாலும் உட்கார்ந்தவர் கண் இரண்டடி முன்னால் வந்துவிடும். டிவியும் ஸ்டாண்டில் அரையடி தள்ளி நிற்கும். மிச்சம் ஏழரை அடி, அதாவது 90 இஞ்ச். பார்க்கும் தூரத்தை 1.6ஆல் வகுத்தால் ஏற்ற டிவி அளவு வரும் என்பது பொதுக் கணக்கு. 90ஐ வகுத்தால் 56. ஆக, 55 போதும். 4கே எனும் மிகத் தெளிவான படம்தான் பார்ப்பேன், தியேட்டர் மாதிரி வேண்டும் என்பவர் 1.2ஆல் வகுக்கலாம், 75 வரை போகலாம்.

ஆனால் வீட்டில் அம்மிச்சி (அம்மாவைப் பெத்தவங்க) சாதா கேபிளில் சீரியல் பார்ப்பவர் என்றால் இந்தக் கணக்கு உதைக்கும். அந்தப் படத்தில் மேலிருந்து கீழே 576 புள்ளி வரிசைதான். 4கே திரைக்கு 2160. இல்லாததை டிவி தானே இட்டு நிரப்புவதால் கிட்டே உட்கார்ந்தால் மூஞ்சியெல்லாம் தண்ணி பட்ட கோலமாகக் கலங்கும்.

பழைய வீடுகளில் சிமெண்ட் ஷோகேஸில் டிவிக்கென்றே ஒரு குழி இருக்கும். 2006-லிருந்து அரசு கொடுத்த 14 இஞ்ச் டிவியெல்லாம் அதில்தான் உட்கார்ந்திருந்தது. இப்போதைய அகல டிவி அதில் அடங்காது. உடனே ஷோகேஸுக்கு மேலே, லிண்டலை ஒட்டி மாட்டிவிடுவார்கள். வேண்டாமுங்க, கழுத்து போய்விடும். சோபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து மூன்றரை அடியில் இருக்கும். திரையின் நடுப்பகுதி அங்கே வரட்டும். பாதிப்பேர் தரையில் உட்காரும் வீடென்றால் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

சுவர் ஹாலோ பிளாக்கா, பழைய மண் சுவரா என்று மாட்ட வருபவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ற போல்ட் வேண்டும். மேற்கு ஜன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் சாயங்காலம் திரையில் ஜன்னல்தான் தெரியும். ஸ்டாண்டில் வைப்பதென்றால் கால்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பல மாடல்களில் கால்கள் இரண்டு ஓரத்திலும் இருக்கும், 3 அடி மேஜை பத்தாது.

மச்சான் வீட்டில் இந்த ஆடிக் காத்துக்கும் அந்த ஜன்னல் திறக்கவில்லை. அம்மிச்சி கயித்துக் கட்டிலை ஹாலுக்கு வெளியே ஆசாரத்துக்கு இழுத்துப் போட்டு, கதவு வழியாகச் சீரியல் பார்க்கிறார்.